நிறைந்தால் கூப்பிடும் கப்

அந்த அலுவலகத்தில் அவளுக்கு அளவக்கா என்று பெயர். முதலில் யார் அப்படிக் கூப்பிட்டார்கள் என்று ஒருவருக்கும் நினைவில்லை. மூன்றாவது மாடியில் லிஃப்ட்டை விட்டு இறங்கி இடது பக்கம் திரும்பினால் ஒரு சின்ன அறை. ஒரு அடுப்பு, ஒரு தொட்டி, ஒரு அலமாரி. இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் மூச்சை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். அங்கிருந்து காலை பதினொரு மணிக்கும் மாலை நாலு மணிக்கும் நாற்பத்திரண்டு கண்ணாடி டம்ளர் டீ புறப்படும். நாற்பத்திரண்டும் ஒரே மட்டம். விளிம்புக்குக் கீழே அரை விரல் இடம் இருக்கும், தட்டில் ஒரு சொட்டு சிந்தியிருக்காது. பத்தொன்பது வருஷமாக இதுதான் நடந்துவந்தது.

"டம்ளருக்குள்ள கோடு கீடு போட்டு வெச்சிருக்கீங்களாக்கா?" என்று புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்கள் கேட்பார்கள்.

"கோடு கையில இருக்கு," என்பாள்.

அது பொய். கடைசி இரண்டு வருஷமாகக் கோடு காதில் இருந்தது.

கண்ணாடி டம்ளரில் டீ விழுவதைக் காது கொடுத்துக் கேட்டுப் பாருங்கள். முதலில் கனத்த குரலில் பேசும். நிறைய நிறையக் குரல் மெலிந்துகொண்டே போகும். விளிம்பு நெருங்கும்போது கீச்சென்று ஒரு பிசிறு தட்டும். அதற்குக் கொஞ்சம் முன்னால் கெட்டிலை நிமிர்த்திவிட்டால் அளவு கச்சிதமாக நிற்கும். இதை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கண் எழுந்துபோன இடத்தில் காது தானாக வந்து உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான்.

கண் ஓரத்திலிருந்துதான் போக ஆரம்பித்தது. முதலில் கதவு நிலைகள் தோளில் இடித்தன. அப்புறம் யாரோ நடுவழியில் வைத்த வாளி காலில் இடித்தது. "கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறியிருக்கும்மா. போனது போனதுதான், மிச்சத்தைக் காப்பாத்தப் பாக்கலாம்," என்று டாக்டர் சொட்டு மருந்து கொடுத்தார். மிச்சம் என்பது சாவித்துவாரம் அளவுக்குச் சுருங்கி, போன மழைக்காலத்தில் அதையும் பனி மூடிவிட்டது. இப்போது ஜன்னல் எந்தப் பக்கம் என்று தெரியும். எதிரே ஆள் நிற்பது தெரியும். ஆள் யாரென்று தெரியாது.

இது வீட்டுக்காரருக்குத் தெரியும். அலுவலகத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டதாகவும், அவர்கள் பெருந்தன்மையாக நடந்துகொண்டதாகவும் அவரிடம் சொல்லியிருந்தாள். அலுவலகத்திலோ வாயே திறக்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். இவள் ஒரே பூசணிக்காயை இரண்டு தட்டில் மறைத்துக்கொண்டிருந்தாள்.

எப்படி மறைத்தாள் என்று கேட்டால், எண்ணி எண்ணித்தான். அறையிலிருந்து தாழ்வாரத்துக்கு ஒன்பது அடி, அங்கிருந்து முதல் மேஜைக்குப் பதினாறு. செருப்புச் சத்தத்தை வைத்து ஆளைச் சொல்வாள். ரெக்கார்டு ரூம்காரர் என்றால் இடது செருப்பு மட்டும் கிறீச்சிடும். மேடம் என்றால் டக்டக்கென்று நடந்துவந்து வாசலில் ஒரு நொடி நின்றுதான் பேச ஆரம்பிப்பார். சிரித்தவர்களுக்குத் திருப்பிச் சிரிக்க மட்டும் முடியவில்லை, சிரித்தது தெரிந்தால்தானே! "டீ போடறவங்களுக்கு இவ்வளவு தலைக்கனமா?" என்று ஒருநாள் காதில் விழுந்தது. அதைக் கேட்டு அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் நம்புவீர்களா? தலைக்கனம் என்றே நினைத்துக்கொள்ளட்டும், கண் தெரியாதவள் என்று நினைக்காமல் இருந்தால் போதும்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் காகிதக் கப் வந்து சேர்ந்தது.

காய்ச்சல் பரவுகிறது, யாரும் ஒருவர் குடித்த டம்ளரில் இன்னொருவர் குடிக்கக் கூடாது என்று தலைமை அலுவலகத்திலிருந்து உத்தரவு. நாற்பத்திரண்டு கண்ணாடி டம்ளர்களையும் அட்டைப்பெட்டியில் போட்டுக் கட்டி எங்கோ எடுத்துப் போனார்கள். அதற்குப் பதிலாக வந்த காகிதக் கப் சுத்த ஊமை. எவ்வளவு ஊற்றினாலும் முதலிலிருந்து கடைசி வரை ஒரே முணுமுணுப்பு. முதல் நாளே மூன்று கப் வழிந்து தட்டெல்லாம் டீ. "புதுக் கப்பு, கை பழகல," என்று சொல்லிச் சமாளித்தாள்.

அடுத்த நாளிலிருந்து சுண்டுவிரலைக் கப்புக்குள் விட ஆரம்பித்தாள். விரல் நுனியில் சுட்டால் நிறுத்த வேண்டும். ஆழம் தெரியாமல் காலை விடக்கூடாது என்பார்கள், இவள் ஆழம் தெரிந்துகொள்ளவே விரலை விட்டாள். ஒரு வேளைக்கு நாற்பத்திரண்டு தடவை சுடும். ஒரு வாரத்தில் விரல் நுனி கொப்புளித்து, உடைந்து, பிளாஸ்திரி போட வேண்டியதாயிற்று. பிளாஸ்திரி போட்ட விரலுக்குச் சூடு தெரியத் தாமதமாகிறது என்று வலதை விட்டு இடது கைச் சுண்டுவிரலுக்கு மாறினாள்.

அந்த இடது கை விரல்தான் கையும் களவுமாகப் பிடிபட்டது. ஒரு செவ்வாய்க்கிழமை பத்தேமுக்கால் மணிக்கு ரெக்கார்டு ரூம்காரர் வெந்நீர் கேட்டு வந்தார். அடுப்பில் வெந்நீர் கொதிக்கிற இரைச்சலில் அந்தக் கிறீச் சத்தம் அவளுக்குக் கேட்கவில்லை. அவர் வாசலில் நின்று, ஒரு கப், இரண்டு கப், மூன்று கப் என்று அவள் விரல் டீக்குள் போய்வருவதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

"அக்கா," என்றார் கடைசியில், மெதுவாக. "சுடலையா?"

அவள் கெட்டிலைக் கீழே வைத்தாள். அவர் வெந்நீரும் வாங்காமல் திரும்பிப் போனார்.

மறுநாள் மேடம் கூப்பிட்டு அனுப்பினார். மேடம் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் அளவக்காவுக்குச் சுலபமாக இருந்திருக்கும், நாலு வார்த்தை திருப்பிப் பேசிவிட்டு வந்திருப்பாள். மேடம் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏன்க்கா எங்ககிட்ட சொல்லல? நாங்க என்ன வேத்து மனுஷங்களா? இனிமே நீங்க அடுப்புப் பக்கமே போக வேண்டாம். லிஃப்ட்டுக்குப் பக்கத்துல ஒரு நாற்காலி போடச் சொல்லியிருக்கேன். நல்ல நாற்காலி, கை வெச்சது. வர்றவங்களுக்கு வணக்கம் சொல்லிட்டு நிம்மதியா உக்காந்திருங்க. சம்பளம் எதுவும் குறையாது."

"உக்காந்து என்ன பண்றதுங்க மேடம்?"

"ஒண்ணும் பண்ண வேண்டாம்க்கா. அதுதானே சொல்றேன்."

இரக்கத்துக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யாரைப் பார்த்தாலும் முதலில் ஒரு நாற்காலியைத் தேடும். அந்த நாற்காலியை அவளால் பார்க்க முடியாவிட்டாலும், அதில் உட்கார்ந்திருக்கிற தன்னைப் பார்க்க முடிந்தது. காலை ஒன்பதரை முதல் மாலை ஐந்தரை வரை, லிஃப்ட் திறக்கும்போதெல்லாம் வணக்கம் சொல்லிக்கொண்டு, சத்தம் வந்த திசைக்கெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு.

"திங்கக்கிழமை பெரிய கூட்டம் இருக்குன்னு சொன்னீங்களே," என்றாள்.

"இருக்கு. தலைமை அலுவலகத்துலேருந்து பெரியவர் வர்றார். அறுபது பேர். அதுக்கு வேற ஆள் பாத்துக்கலாம்."

"அந்த அறுபது கப்பையும் நான் ஊத்தறேன் மேடம். விரலை விடமாட்டேன். ஒரே ஒரு கப் வழிஞ்சாலும், நீங்க சொல்லவே வேண்டாம், நானே போய் அந்த நாற்காலியில உக்காந்துக்கறேன்."

எந்தத் தைரியத்தில் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள். மேடம் "சரிக்கா," என்றார். அந்தச் சரியில் நம்பிக்கை இல்லை, ஒரு நல்ல மனுஷியின் மனசு கேட்காமை மட்டும்தான் இருந்தது.

வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். தெருவில் அவரை மோட்டார்காரர் என்பார்கள். தண்ணீர் மோட்டார்களுக்குக் கம்பி சுற்றுவதும், மொட்டை மாடித் தொட்டிகளுக்கு அலாரம் மாட்டுவதும் அவர் தொழில். வீட்டின் முன்னறையே பட்டறை. கால் வைக்கிற இடமெல்லாம் திருகாணி, கையை வைக்கிற இடமெல்லாம் கிரீஸ். அவளுக்காக நடுவில் ஒரு பாதை மட்டும் எப்போதும் சுத்தமாக இருக்கும். அதில் ஒரு சாமான் வைத்தாலும் சண்டை.

"ரெண்டு வருஷமா சொல்லவே இல்லையா?" என்றார். "சொல்லிட்டேன்னு எங்கிட்ட சொன்னியே?"

"சொன்னேன்."

"எதுக்கு?"

"சொல்லலைன்னு தெரிஞ்சா வேலைக்கே போகாதேன்னு சொல்லியிருப்பீங்க."

"சொல்லியிருப்பேன்தான்," என்று ஒப்புக்கொண்டார் அந்த நேர்மையான மனுஷர். ஒப்புக்கொண்ட பிறகு கோபம் வந்துவிட்டது. கால் மணி நேரம் ஒரு துருப்பிடித்த மோட்டாரைச் சுத்தியலால் அடித்தார். அந்த மோட்டார் அவருக்கு ஒரு தீங்கும் செய்ததில்லை. அடித்து ஓய்ந்து, அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவள் சுண்டுவிரலைப் பிடித்துத் தடவிப் பார்த்தார்.

"அறிவு கெட்டவளே. விரலை எதுக்குடி உள்ள விடற?"

"பின்ன டீ எது வரைக்கும் வந்திருக்குன்னு எப்படித் தெரியும்? தலையையா விட முடியும்?"

அவர் சட்டென்று எழுந்து மேஜைப் பக்கம் போனார். மேஜையில் இருந்த எதையோ இழுக்கிற சத்தம் கேட்டது.

"ஏய். இந்தத் தெருவுல முப்பத்தேழு வீட்டுக்கு நான் அலாரம் மாட்டியிருக்கேன். தொட்டி நிறைஞ்சுதான்னு ஒருத்தனாவது மாடியேறிப் போய் விரலை விட்டுப் பாக்கறானா?"

வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை என்பது இதுதான். தொட்டி அலாரத்தில் பெரிய விஞ்ஞானம் ஒன்றும் கிடையாது. இரண்டு கம்பி தொட்டிக்குள் தொங்கும். தண்ணீர் ஏறி வந்து இரண்டையும் தொட்டதும் மின்சாரம் ஒன்றிலிருந்து மற்றதுக்குப் போகும், பெட்டி சத்தம் போடும். தொட்டி என்றாலும் கப் என்றாலும் கம்பிக்கு எல்லாம் ஒன்றுதான்.

அப்போதே பரிசோதனை நடந்தது. விற்பனைக்கு வைத்திருந்த அலாரம் ஒன்றின் கம்பிகளை ஒரு டம்ளருக்குள் தொங்கவிட்டார். அவள் செம்பிலிருந்து தண்ணீரை ஊற்றினாள். ஊற்றினாள், ஊற்றினாள், திடீரென்று ஒரு பெண் குரல் வீடே அதிரும்படி முழங்கியது:

"வணக்கம்! உங்கள் தண்ணீர்த் தொட்டி நிரம்பிவிட்டது! தயவுசெய்து மோட்டாரை நிறுத்தவும்!"

அடுத்த வீட்டுக்காரர் தடதடவென்று ஓடிப்போய் மோட்டாரை நிறுத்துகிற சத்தம் கேட்டது. அளவக்கா செம்பைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பல மாதம் ஆகியிருந்தது. மோட்டார்காரரும் சிரித்தார், சிரிப்பு நடுவிலேயே அவருக்குக் கண்ணில் நீர் வந்தது. அது அவளுக்குத் தெரியாது, தெரிய வேண்டாம் என்று அவரும் துடைத்துக்கொண்டார்.

நாலு சாயங்காலம் வேலை நடந்தது. பேசுகிற பெண்ணை எடுத்துவிட்டு, "பீ" என்று மட்டும் கத்துகிற ஒரு சின்ன பஸ்ஸரைப் போட்டார். அது, ஒரு பேட்டரி, இரண்டு கம்பி, எல்லாம் திருகாணி வருகிற ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் அடங்கிவிட்டன. செம்புக் கம்பி போட்டார். அவள் தொட்டுப் பார்த்து, "சூடான டீயில செம்பை விடறதா? குடிக்கறவங்க வயிறு என்னத்துக்காகும்?" என்று வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டாள். பழைய டீ வடிகட்டியின் எவர்சில்வர் கம்பியை அறுத்து, கொக்கி போல வளைத்து, கப்பின் விளிம்பில் மாட்டுகிற மாதிரி செய்தார். இனி உயரம்தான் பாக்கி. அதற்கு அவர்கள் கணக்கு நூல், அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு.

"ஒரு நூல் மேல ஏத்துங்க."

ஏற்றினார். ஊற்றினாள். பீ.

"அதிகம். அரை நூல் எறக்குங்க."

"அரை நூலுக்கெல்லாம் எவன் பாக்கப் போறான்?"

"நான் பாப்பேன்," என்றாள் கண் தெரியாத அளவக்கா. அவர் மறுபேச்சு பேசாமல் இறக்கினார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சமையலறையில் அறுபது காகிதக் கப்பை வரிசையாக வைத்து அறுபதையும் ஊற்றிப் பார்த்தாள். ஒன்று கூட வழியவில்லை. அளவும் பிசகவில்லை, விளிம்புக்குக் கீழே அரை விரல். பத்தொன்பது வருஷத்து அளவு திரும்பி வந்துவிட்டது. உட்கார்ந்து அழலாம் போல இருந்தது அவளுக்கு.

ஆனால் மனசுக்குள் இன்னொரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. அறுபது கப் என்றால் அறுபது தடவை பீ. அறுபது பேர் அறுபது தடவை திரும்பிப் பார்ப்பார்கள். இதோ ஒரு குருடி, இதோ ஒரு குருடி என்று பெட்டி வாய்விட்டுச் சொல்கிற மாதிரி.

"சத்தத்தைக் கொஞ்சம் குறைக்க முடியாதாங்க?"

"சத்தம் போடறதுதானே அதோட வேலை? அதையும் புடுங்கிட்டா அது எதுக்கு?"

அவர் சொன்னது நியாயம்தான். ஆனாலும் அவர் குளிக்கப் போன நேரத்தில், விரலுக்காக வாங்கி வைத்திருந்த பிளாஸ்திரியில் ஒன்றைப் பிரித்து, பஸ்ஸரின் ஓட்டை மேல் அழுத்தி ஒட்டினாள். இப்போது அது யாரோ போர்வைக்குள் இருந்து முனகுகிற மாதிரி கேட்டது. அமைதியான சமையலறையில் அது போதுமானதாக இருந்தது. கண் போனதையே இரண்டு வருஷம் மறைத்தவளுக்கு ஒரு பீயை மறைப்பதா பெரிய காரியம்?

திங்கட்கிழமை கீழ்த்தளத்துக் கூட்ட அரங்கில் போய் நின்றாள். கப்புகளை மேலேயிருந்து சுமந்து வந்தால் ஆறிவிடும் என்று சுவரோரமாக ஒரு நீள மேஜை போட்டு, அங்கேயே ஊற்றச் சொல்லிவிட்டார்கள். தலைக்கு மேல் ஏசி உறுமியது. பேச்சு மேடையின் ஒலிபெருக்கி அவள் காதுக்கு நேராக இருந்தது. தலைமை அலுவலகத்துப் பெரியவர் பேச எழுந்ததும் முதல் காரியமாக, எல்லோரும் செல்போனை அணைக்க வேண்டும், யார் போனாவது சத்தம் போட்டால் தனக்குக் கெட்ட கோபம் வரும் என்று அறிவித்தார்.

தட்டு எடுத்துக் கொடுக்க நின்றவரின் இடது செருப்பு கிறீச்சிட்டது. ரெக்கார்டு ரூம்காரர்! அத்தனை பேரில் இந்த ஆள்தானா கிடைத்தார் என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது.

முதல் கப்பில் கொக்கியை மாட்டினாள். கெட்டிலைச் சாய்த்தாள். டீ விழுந்தது. காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். ஒலிபெருக்கியில் பெரியவர் உழைப்பின் பெருமையைப் பற்றி முழங்கிக்கொண்டிருந்தார். ஏசி உறுமிக்கொண்டிருந்தது. போர்வைக்குள் முனகல் மட்டும் வரவில்லை. இல்லை, வந்து கேட்கவில்லையா? கெட்டிலின் கனம் குறைந்தது கையில் உறைத்தது. சட்டென்று நிமிர்த்திவிட்டாள்.

"அக்கா, ஆடாதீங்க," என்று ரெக்கார்டு ரூம்காரர் மூச்சு மட்டும் விட்டுச் சொன்னார். "விளிம்பு வரைக்கும் நிக்குது. இன்னும் ஒரு சொட்டு விழுந்தா போச்சு."

வழியவில்லை. வழிய ஒரு சொட்டுதான் பாக்கி. இன்னும் ஐம்பத்தொன்பது கப் இருக்கிறது.

அளவக்கா கெட்டிலை வைத்தாள். கேட்காத அலாரத்தை வைத்துக்கொண்டு இந்த மேஜையில் நிற்க முடியாது. கேட்கிற அலாரம் என்றால் அறுபது பேருக்கும் கேட்கும். லிஃப்ட் பக்கத்தில் கை வைத்த நல்ல நாற்காலி காத்துக்கொண்டிருக்கிறது, அது சத்தமே போடாது. நகத்தால் பிளாஸ்திரியின் ஓரத்தைக் கிளப்பினாள். நேற்று அழுத்தி ஒட்டியது, சுலபமாக வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே இழுப்பாக இழுத்தாள்.

இரண்டாவது கப். கொக்கி. கெட்டில்.

பீ!

பெரியவர் பேச்சை நிறுத்தினார். அறுபது பேரும் அவசர அவசரமாகத் தங்கள் சட்டைப் பையையும் கைப்பையையும் தடவினார்கள். மேடையில் இருந்தவர்களும் தடவினார்கள். பெரியவரே தன் பையைத் தடவிப் பார்த்துக்கொண்டார் என்று பிற்பாடு சொன்னார்கள்.

"யாருடைய போன் அது?" என்றார்.

தலையைக் குனிந்துகொண்டிருந்தால் யாரோ எதையோ சொல்லிச் சமாளித்திருப்பார்கள். அளவக்கா குரல் வந்த பக்கம் நிமிர்ந்து நின்றாள்.

"போன் இல்லைங்கய்யா. என் கப்பு. நிறைஞ்சா கூப்பிடும். எனக்குக் கண்ணு தெரியாது."

சொல்லிவிட்டாள். இரண்டு வருஷமாகத் தொண்டைக்குள் சிக்கியிருந்தது மூன்று வார்த்தையில் வெளியே வந்துவிட்டது. வானம் இடிந்து விழவில்லை. பெரியவர் ஒருமுறை தொண்டையைச் செருமிக்கொண்டு, "சரி, அதுவும் வேலையைத்தான் பாக்குது. நீங்க ஊத்துங்கம்மா," என்று சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தார்.

அவளும் தொடர்ந்தாள். "வரும் ஆண்டில் நாம் இன்னும் கடுமையாக உழைக்க வேண்டும்." பீ. "சிக்கனம் மிக மிக அவசியம்." பீ. "இதில் யாருக்காவது மாற்றுக் கருத்து உண்டா?" பீ. பின் வரிசையில் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள். இருபது கப்புக்கு மேல் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நாற்பதுக்கு மேல் அவளுக்கே அது ஒரு சத்தமாகத் தோன்றவில்லை. முதல் கப்புக்குப் பதிலாக ஊற்றிய ஒன்றையும் சேர்த்து, அறுபதாவது பீ கேட்டதும் கெட்டிலை நிமிர்த்திவிட்டு, மேஜை முழுவதையும் உள்ளங்கையால் தடவினாள். காய்ந்து கிடந்தது. அவளுக்கு வந்த சந்தோஷத்தை இன்னதென்று சொல்ல முடியாது. பத்தொன்பது வருஷத்தில் ஊற்றிய டீயெல்லாம் ஒரு பக்கம், இந்த அறுபது ஒரு பக்கம். விளிம்பு வரை நின்ற அந்த முதல் கப்பை மட்டும் குனிந்து, மேஜையில் வைத்தபடியே உறிஞ்சிக் குடித்தாள்.

மேடம் டக்டக்கென்று வந்து ஒரு நொடி நின்றார். "அக்கா, அந்த நாற்காலி..." என்று ஆரம்பித்தார்.

"குடுங்க மேடம்," என்றாள். "கப்பு அட்டைப்பெட்டி வைக்க எடமே இல்ல உள்ள."

அன்று சாயங்காலமே நாற்காலி டீ போடுகிற அறைக்குள் வந்துவிட்டது. நல்ல நாற்காலிதான். கை வைத்திருந்ததால் பெட்டி சரியாமல் நின்றது.

மறுநாள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது கிறீச் சத்தம் வாசலில் வந்து நின்றது.

"மேடம்கிட்ட சொன்னது நான்தான்க்கா."

"தெரியும்."

"போட்டுக் குடுக்கணும்னு சொல்லல. எங்கப்பாவுக்கும் கண்ணு போயி மூணு வருஷமாச்சு. ஒருதடவை வெந்நீர் ஊத்தப் போய்க் கையைப் பொசுக்கிக்கிட்டார். அன்னியிலேருந்து அவரை எதையும் தொட விடறதில்ல. உங்க விரலைப் பாத்ததும் அந்த நாள் ஞாபகம் வந்துடுச்சு."

"இப்ப என்ன பண்றார்?"

"ஒண்ணும் பண்றதில்லைக்கா. லாரி ஓட்டினவர். ஊர் ஊராப் போய் நடுரோட்டுல அடுப்பு மூட்டித் தானே டீ போட்டுக் குடிச்ச ஆள். இப்ப ஜன்னலோரம் ஒரு நாற்காலி போட்டுக் குடுத்திருக்கோம். நேரத்துக்கு எல்லாம் கைக்கே வந்துடும்." இடது செருப்பு ஒருமுறை கிறீச்சிட்டது. பிறகு, "பேச்சும் கொறைஞ்சு போச்சு," என்றார்.

அளவக்கா கையைத் துடைத்துக்கொண்டாள். அவர் மேல் இருந்த கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை.

"எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லி ஒண்ணு செய்யச் சொல்றேன். ஆனா அவர் குடிக்கற டம்ளரைக் கொண்டு வந்து குடுக்கணும். எந்த அளவு வேணும்னும் அவரையே கேட்டுட்டு வரணும். நீங்களா ஒரு அளவு சொல்லக் கூடாது."

"சத்தம் பெருசா இருக்குமேக்கா?"

"இருக்கட்டுமே. வீட்டுல எல்லாருக்கும் கேக்கட்டும்."

மோட்டார்காரர் செய்து கொடுத்தார். ரெக்கார்டு ரூம்காரரின் அப்பா முழுசாக ஒரு டம்ளர் கேட்டிருந்தார், அரை விரல் இடம் எல்லாம் வேண்டாமாம். கம்பியைக் கூடுதலாக ஒரு நூல் மேலே ஏற்ற வேண்டியிருந்தது.

வாரக் கடைசியில், காலை எட்டு மணிக்கு அவள் வீட்டுப் போன் அடித்தது.

"அக்கா, பேசாதீங்க. கேளுங்க," என்றார் ரெக்கார்டு ரூம்காரர். போனை அவர் எங்கோ நீட்டிப் பிடித்த மாதிரி இருந்தது. தூரத்தில் ஒரு பாத்திரம் இடறியது. "நீங்க போங்கடா அந்தப் பக்கம்," என்று கட்டைக் குரலில் ஒரு அதட்டல். டீ விழுகிற சத்தம். அவளுக்கு நன்றாகப் பழகிய சத்தம்தான், முதலில் கனமாகவும் பிறகு மெலிந்தும். பீ!

அப்புறம் நீளமாக ஒரு உறிஞ்சல். அப்புறம் அந்தக் கட்டைக் குரல், மூன்று வருஷத்துக்குப் பிறகு குறை சொல்ல ஒரு காரணம் கிடைத்த தெம்போடு, உரக்கச் சொன்னது:

"சக்கரை பத்தல. எவன் போட்டான் இந்த டீயை?"

"நீங்கதான்ப்பா போட்டீங்க."

இன்னொரு உறிஞ்சல்.

"ஆமா," என்றது அந்தக் குரல். "நான்தான் போட்டேன்."